கழுவிய கலயம்

மன்ற இதழுக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் என் அறைக்கு வந்து கேட்டபோது, “நான் நுண்ணுயிரியல் படிக்கிறவன், கதையும் கவிதையும் எனக்கு வரா” என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. “ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக எதையோ குலுக்கிக்கொண்டிருக்கிறீரே, அதை எழுதும். தமிழில் சொல்ல முடியாத படிப்பு என்ன படிப்பு?” என்றார். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஒப்புக்கொண்டேன்.

நுண்ணுயிர்களைக் கடற்பாசிக் கூழால் ஆன சிறு மணிகளுக்குள் அடைத்துவைத்து, தொழிற்சாலைகளுக்கு வேண்டிய நொதிகளை அவற்றைக்கொண்டு செய்விப்பது எப்படி என்பதே என் பாடம். இதை நூலில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன். பார்த்ததோடு நில்லாமல் கெடுத்தும் விட்டேன். அந்தக் கதையைச் சொல்வதற்கு என் தாத்தாக்கள் இருவரையும் முதலில் அறிமுகப்படுத்த வேண்டும்.

அம்மாவைப் பெற்ற தாத்தா மூணாற்றில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். அப்பாவைப் பெற்ற அப்பாரு, பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தென்னையில் கள் இறக்குபவர். இரண்டு ஊரும் கேரளத்தில் இருக்கின்றன. இரண்டிலும் தெருவில் தமிழ் கேட்கும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாங்கள் போவது தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான். மூணாற்றில் பேருந்து ஏறினால் மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி. பிறகு கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டினால் மறுபடியும் கேரளம். சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே தென்னை, ஒரே மண், கணவாய் வழியே வீசும் ஒரே காற்று. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. ஆகவே எல்லைக்குக் கிழக்கே மரங்களில் காய் தொங்கும். மேற்கே கலயம் தொங்கும். சிறுவனாக இருந்தபோது முதல் கலயம் கண்ணில் பட்டதுமே, அப்பாரு வீடு வந்துவிட்டது என்று சன்னலோரத்தில் எழுந்து நிற்பேன்.

மூணாற்றுத் தாத்தாவுக்கு வேலை ‘பர்மெண்டிங் ரூமில்’. வாட்டி உருட்டிய கொழுந்தைக் குளிர்ந்த, ஈரமான அந்த அறையின் தரையில் மெல்லிய படுகையாக விரித்துவைப்பார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போகப் போகப் பச்சை மாறிச் செப்புக்காசின் நிறம் வரும். பச்சிலை வாடை போய்ப் பழ வாடை எழும். எந்தக் கணத்தில் அள்ளி உலர்த்தும் எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தாத்தா மூக்கால் சொல்வார். டீமேக்கர் கடிகாரத்தைப் பார்ப்பாராம். பிறகு தாத்தாவின் முகத்தைப் பார்ப்பாராம்.

அந்த அறையில் தாத்தாவுக்கு ஒரு வெறி உண்டு. கழுவுவது. ஒரு விரிப்புப் போனதும் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். மூலையில் ஒட்டிய ஒரு துணுக்கு இலையையும் நகத்தால் கீறி எடுப்பார். “கழுவாத தரையில கொழுந்தப் போட்டா நாத்தம் புடிச்சிரும்லே. நேத்து எச்சம் இன்னைக்கு வெசம்” என்பார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பின்னாளில் வகுப்பில் படித்தபோது தாத்தா எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று வியந்தேன். தேயிலை ‘புளிக்கிறது’ என்று உலகமெல்லாம் சொல்கிறார்களே, அது புளிப்பே அன்று. அங்கே நுண்ணுயிருக்கு வேலை இல்லை. இலை நசுங்கும்போது உயிரணுக்கள் உடைந்து, தனித்தனி அறைகளில் இருந்த பாலிபீனால்களும் இலையின் சொந்த நொதியும் கலந்துவிடுகின்றன. அந்த நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துப் பாலிபீனால்களோடு சேர்க்கிறது. நிறமும் சுவையும் பிறக்கின்றன. பாக்டீரியா அங்கே அழையா விருந்தாளி. வந்தால் கெடுக்கும். பெயர் மட்டும் பழைய பிழையாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்பாருவின் உலகம் நேர் எதிர். விடியலுக்கு முன் மரம் ஏறுவார். பாளையைக் கட்டி, தட்டி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தை மாட்டிவிட்டு இறங்குவார். பத்து மரம். ஒரு வரிசைக் கலயம் மரத்தில் இருக்கும்; மாற்று வரிசை வீட்டுத் திண்ணையில் கவிழ்ந்திருக்கும். கலயத்தின் உட்புறத்தில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு வழவழப்பான ஏடு படிந்திருக்கும். ஈ மொய்க்கும். அந்த வாடையை வருணிக்க எனக்குத் திறமை போதாது.

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை. மூணாற்றில் பத்து நாள் இருந்துவிட்டு, தாத்தாவின் போதனை காதில் ஒலிக்கக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இறங்கினேன். அன்று மாலை அப்பாரு எங்கோ துக்கத்துக்குப் போயிருந்தார். திண்ணையில் அந்தப் பத்துக் கலயங்கள். உடல்நலப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் சும்மா இருப்பேனா? வெந்நீர் காய்ச்சினேன். சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன். வழவழப்புப் போய் மண்ணின் சொரசொரப்புத் தெரியும்வரை விடவில்லை. அடுப்பங்கரையில் வைத்துச் சூடு காட்டி உலர்த்தியும் வைத்தேன். கிழவர் பார்த்தால் மகிழ்ந்து போவார் என்ற நினைப்பில் உறக்கமே வரவில்லை.

அவர் பார்க்கவில்லை. இருட்டோடு எழுந்து, வழக்கம்போல எடுத்துப் போய் மாட்டிவிட்டார். மாலையில் இறக்கி ஊற்றினார். கள் எடுக்க வரும் ஆள் ஒருவாய் சுவைத்தான். மறுபடியும் சுவைத்தான். “சர்க்கரைத் தண்ணி ஊத்துனீங்களா?” என்றான்.

நுரை இல்லை, வீரியம் இல்லை, இனிப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது. கள்ளில் கலப்படம் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணப் பழியன்று. உயிர் போன செய்திகளெல்லாம் கேட்ட ஊர் அது. நாற்பது ஆண்டு மரம் ஏறிய மனிதரைப் பார்த்து, ஊர்ப்பிள்ளைகள் நிற்கும்போது, அந்தக் கேள்வி. அப்பாரு ஒன்றும் பேசவில்லை. கலயம் ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மொத்தக் கள்ளையும் மரத்தடிப் பாத்தியில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைய கூலி போயிற்று.

“கழுவிப்போட்டயா கண்ணு?” என்றார். அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் அவர் செய்ததைக் கூர்ந்து பார்த்தேன். கழுவாத வரிசையிலிருந்து அடிமண்டியை எடுத்து, கழுவிய கலயம் ஒவ்வொன்றிலும் சிறிது ஊற்றிச் சுழற்றி, கொட்டிவிட்டு மாட்டினார். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தன. எடுக்க வரும் ஆள்தான் ஒரு வாரம்வரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே அளந்தான்.

கலயத்தில் ஒட்டியிருந்த அந்த ஏட்டை என்னவென்று கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன் என்று சொன்னால் மிகையாகும். ஆனால் முதலாண்டில் அதைச் சுரண்டி எடுத்து வந்து நுண்ணோக்கியில் வைத்தபோது என் கை நடுங்கியது உண்மை. முட்டைவடிவ ஈஸ்ட்டுகள், மொட்டு விட்டபடி. அவற்றுக்கிடையே சங்கிலி சங்கிலியாகப் பாக்டீரியங்கள். எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்தபடி ஒரு பசை. தென்னம்பாளைச் சாற்றில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கு சர்க்கரை இருக்கும். லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியம் தன் நொதியால் அந்தச் சர்க்கரையையே டெக்ஸ்ட்ரான் என்னும் பசையாக மாற்றும். ஈஸ்ட்டின் இன்வெர்ட்டேஸ் நொதி அதே சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாக உடைக்கும், பிறகு சாராயம். விட்டுவைத்தால் அசெட்டிக் பாக்டீரியம் வந்து காடியாக்கும். சுவரில் ஒட்டிய கூட்டம் இடம் பெயராது. புதுச் சாறு வந்து வந்து போகும். நான் வெந்நீரால் கொன்றது இந்தக் குடியிருப்பைத்தான்.

இதே கருத்தைத் தொழிலாக்கிய வரலாறு பழையது. ஜெர்மனியில் ஷூட்சன்பாக் என்பவர் 1823இல் பீச் மரச் சீவல்களை நிரப்பிய தொட்டியில் மேலிருந்து சாராயத்தைச் சொட்டவிட்டுக் காடி எடுத்தார். பாக்டீரியா சீவலில் குடியிருந்தது. பாக்டீரியா என்று ஒன்று அங்கே வேலை செய்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நொதியைத் தனிச் சரக்காக்கி விற்றவர்களில் முன்னோடி ஜப்பானியரான தகாமினே. தவிட்டில் பூஞ்சை வளர்த்து எடுத்த மாப்பொருள் கரைக்கும் நொதிக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பிறகு பிரான்சில் புவாதேன், எப்ரோன் இருவரும் பாக்டீரியாவிலிருந்து அமிலேஸ் எடுக்கும் வழியைக் கண்டனர். நெசவுக்குமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறோமல்லவா? நெய்த பின் சாயம் ஏற வேண்டுமானால் அந்தக் கஞ்சி போயாக வேண்டும். அமிலத்தில் போட்டால் நூலும் சேர்ந்து நையும். அமிலேஸோ கஞ்சியைத் தின்னும், நூலைத் தொடாது.

உயிரணுக்களை வேண்டுமென்றே கட்டிப்போட்டுத் தொழில் நடத்தியவர்கள் ஒசாக்காவின் தனபே நிறுவனத்தார். இச்சிரோ சிபாடாவின் தலைமையில் 1969இல் ஒரு நொதியைத் தாங்கியில் கட்டிவைத்து அமினோ அமிலம் பிரித்தனர். 1973இல் நொதியைப் பிரித்தெடுக்கும் வீண்செலவு எதற்கு என்று பாக்டீரியாவை முழுசாகவே கூழில் அடைத்து அஸ்பார்ட்டிக் அமிலம் செய்தனர். சில ஆண்டில் அக்கூழையும் மாற்றி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனில் அடைத்தனர். அது ஓராண்டுக்கு மேலும் தேயாமல் உழைத்தது.

இதற்குத் தமிழ்ப் பெயர் என்ன? ‘முடக்கப்பட்ட உயிரணு’ என்று ஒரு நூலில் கண்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. முடங்கியது வேலை செய்யாது. இதுவோ விடாமல் வேலை செய்கிறது. ‘குடியமர்த்திய உயிரணு’ என்று என் ஏட்டில் எழுதிக்கொண்டேன். தேர்வுத்தாளில் எழுதத் துணிவு வரவில்லை.

இனி என் ஆய்வு. பாலக்காட்டில் ஓர் அரிசி ஆலையின் பின்புறம், நெல் அவித்த நீர் ஓடும் வாய்க்கால் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து வந்தேன். மாப்பொருள் கலந்த தட்டில் வளர்த்து அயோடின் ஊற்றினால் தட்டெல்லாம் நீலமாகும். அமிலேஸ் சுரக்கும் பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் வெண்மதி போல் ஒரு வட்டம் தெளியும். பெரிய வட்டம் போட்ட ஒரு பேசில்லஸைத் தேர்ந்தேன். சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் அதைக் கலந்து, ஊசிக்குழலால் கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுந்த சொட்டு விழுந்த நொடியில் உருண்டு, வேகவைத்த சவ்வரிசி போல் மணியாயிற்று. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆல்ஜினேட் நமக்கு அயலான சரக்குமன்று. மன்னார் வளைகுடாவில் சர்காசம், டர்பினேரியா என்னும் பாசிகளை எடுத்து வருகிறார்கள். அவற்றிலிருந்துதான் இந்தக் கூழ் வருகிறது.

மணிகளை அப்படியே ஊட்டநீரில் போட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்கவில்லை. தூய்மையாக இருக்கட்டும் என்று பாஸ்பேட் தாங்கற்கரைசலில் மூன்று முறை கழுவினேன். ஊட்டநீரையும் அதே கரைசலில் தயாரித்துக் குலுக்கும் எந்திரத்தில் ஏற்றிவிட்டு விடுதிக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் குடுவையில் மணி இல்லை. பழைய கஞ்சி போல் ஏதோ கலங்கிக் கிடந்தது.

ஆசிரியர் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “எதில் கழுவினாய்?” என்றார்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறைத் திண்ணை நினைவுக்கு வந்துவிட்டது. ஆல்ஜினேட்டின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நிறுத்துவது கால்சியம். பாஸ்பேட்டுக்குக் கால்சியத்தின்மேல் தீராத ஆசை. கண்ட இடத்தில் பற்றி இழுத்துக்கொள்ளும். முடிச்சு அவிழ்ந்தால் மணி ஏது? சிட்ரேட்டும் இதே போல்தான். இரண்டு வாரத்து உழைப்பு போயிற்று. மறுபடி ஆல்ஜினேட் கேட்கப் போனபோது பொருளறைக்காரர் பார்த்த பார்வையையும் தாங்கிக்கொண்டேன். பிறகு பாஸ்பேட்டைக் குறைத்து, டிரிஸ் கரைசலுக்கு மாறி, ஊட்டநீரில் சிறிது கால்சியமும் சேர்த்தேன். மணிகள் நின்றன. அமிலேஸ் மணிக்குள்ளிருந்து வெளியே கசிந்து வந்தது. நீரை வடித்து நொதியை எடுத்துக்கொண்டு, அதே மணிகளுக்குப் புது ஊட்டநீர் விட்டேன். மறுநாளும் நொதி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. கலயத்தில் சாறு வந்து வந்து போவது போல.

இத்தனையும் கேட்டு, தொழிற்சாலைகள் எல்லாம் இப்படித்தான் நொதி செய்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். இல்லை. சலவைத்தூளுக்கும் துணிக்கும் போகும் நொதிகளைப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெருந்தொட்டிகளில், உயிரணுக்களைக் கட்டாமல் மிதக்கவிட்டே செய்கிறார்கள். காரணம் உண்டு. அடர்ந்த மணிக்குள் ஆக்சிஜன் நுழைவது மயிரிழை ஒன்றிரண்டின் பருமன் அளவே. அதற்கு உட்புறத்தில் இருப்பவை மூச்சு முட்டிக் கிடக்கும். என் மணிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர். நான் அடைத்தவற்றில் பெரும்பாலானவை வெறும் பாரம். விளிம்பில் இருப்பவை பெருகி மணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். கூழுக்குச் செலவு வேறு. ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றுவதற்குக் குடியமர்த்திய உயிரணு சிறப்பாக உழைக்கிறது. சோளமாவிலிருந்து இனிப்புப் பாகு செய்யும் குளுக்கோஸ் ஐசோமெரேஸ் இன்றும் அப்படித்தான் வேலை பார்க்கிறது. நொதியையே சரக்காக விளைவிப்பதற்கு அது இன்னும் ஆய்வுக்கூடத்தின் வாசலில்தான் நிற்கிறது.

ஆனாலும் நான் இதை விடுவதாக இல்லை. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன் குழுவினர் 2002, 2003 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளைப் படித்தேன். கடல்சார் பூஞ்சை ஒன்றையும் சூடோமோனாஸ் பாக்டீரியம் ஒன்றையும் தனித்தனியே இதே ஆல்ஜினேட் மணியில் அடைத்து, குழாய் போன்ற கலத்தில் நிரப்பி, ஒரு முனையில் ஊட்டநீரை விட்டு மறுமுனையில் குளூட்டமினேஸ் நொதியை இடைவிடாமல் எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்குச் சில மணி நேரத் தொலைவில் நடந்த வேலை! மூணாற்றுக்கும் இதில் ஒரு பங்கு வரலாம். தேநீர் ஆறினால் கலங்கும். உடனடித் தேயிலைத்தூள் செய்வோருக்கு அது தலைவலி. டேனேஸ் என்னும் நொதி அந்தக் கலங்கலைத் தெளிவிக்கும். அடுத்து அதைச் செய்யும் பூஞ்சையை மணியில் அடைத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். இலையின் நொதியை மூக்கால் ஆண்ட தாத்தாவுக்கு நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அவர் இப்போது மூணாற்றில் இல்லை. தோட்டத்து லயத்து வீடு வேலையோடு வருவது; வேலையோடு போவது. ஓய்வு பெற்றதும் ஒரு பெட்டியும் ஒரு கம்பளியுமாக மகள் வீட்டுக்கு, அதாவது கொழிஞ்சாம்பாறைக்கே வந்துவிட்டார். ஐம்பது ஆண்டு குளிரில் இருந்த உடம்பு, பாலக்காட்டு வெயிலில் சுருண்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. விடிந்ததும் ஒரு வாளி நீரும் துடைப்பமுமாகத் திண்ணையைத் தேய்த்துக் கழுவத் தொடங்கிவிடுவார்.

சென்ற விடுமுறைக்குப் போனபோது ஒரு சிறு குப்பியில் என் மணிகளை எடுத்துப் போயிருந்தேன். இரண்டு கிழவர்களும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா குப்பியை முகர்ந்து பார்த்து, “வாடையே இல்லையேலே” என்று குறைப்பட்டார். அப்பாருவிடம் கலயத்தின் ஏட்டைப் பற்றியும், உள்ளே குடியிருக்கும் உயிர்களைப் பற்றியும், அன்று நான் செய்த பிழையைப் பற்றியும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அது இருக்குதுன்னு தெரிஞ்சுதானப்பா கழுவாம வெச்சிருந்தேன். அதுக்குப் பேரு உண்டுங்கறதுதான் எனக்குத் தெரியாது” என்றார்.

பிறகு எழுந்து, திண்ணையில் கவிழ்த்திருந்த கலயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரண்மேல் வைக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். வாளியோடு வந்துகொண்டிருந்த சம்பந்தியைக் கண்ணால் காட்டினார்.